எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, ஆனால் முழங்கால் வீக்கம்

அன்புள்ள சகோதரருக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்தில் காவடி எடுத்துச் சென்றபோது முழங்கால் திருகி இரண்டு மணி நேரத்திற்குள் வீங்கியதாகவும், எக்ஸ்ரேயில் முறிவு தெரியாததால் செலவு குறைந்த அல்ட்ராசவுண்ட் போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

போதாது என்றே கருதுகிறேன். எக்ஸ்ரே எலும்பைக் காட்டுமே தவிர, எலும்புகளை இணைக்கும் ஜவ்வுகளைக் காட்டாது. அல்ட்ராசவுண்ட், தோலுக்கு அருகிலுள்ள தசைநாண்களையும் தேங்கிய நீரையும் நன்றாகக் காட்டும். ஆனால் ஒலியலைகள் எலும்பை ஊடுருவாததால், தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும், மூட்டின் ஆழத்திலுள்ள ஏ.சி.எல். ஜவ்வை அதைக்கொண்டு நம்பகமாக மதிப்பிட முடியாது. திருகிய சில மணி நேரத்திலேயே வீங்குவது மூட்டுக்குள் இரத்தம் கசிந்ததைக் குறிக்கலாம். அந்த ஜவ்வு கிழிவதே அதற்கு முக்கியக் காரணம். ஆகவே எலும்பு மருத்துவர் காலைக் கையால் சோதித்த பிறகு, காந்தப்புலத்தைக் கொண்டு படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. எடுப்பதே பொருத்தம், அதில் கதிர்வீச்சும் இல்லை. காந்தம் பாதிக்கக்கூடும் என்பதால், இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கால் மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால், தயவுசெய்து ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.