தனியாகப் போங்கள், சொல்லிவிட்டுப் போங்கள்

கேள்வி: அம்மா இறந்து ஓர் ஆண்டு ஆகிறது. எனக்கு 28 வயது, கோவையில் தனியார் வேலை. அப்பா, அண்ணன், அண்ணி எல்லோரும் பாசமாகத்தான் இருக்கிறார்கள். ஆனாலும் எதிலும் மனம் ஒட்டவில்லை. வேலையை விட்டு, போன் நம்பரையும் மாற்றிக்கொண்டு, இமாசலப் பக்கம் தனியாகப் போய்விடலாம் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. இப்படிப் போன இரண்டு அமெரிக்கர்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன். அம்மாவைப் பறிகொடுத்த துக்கத்தில் நடக்கத் தொடங்கிய செரில் ஸ்ட்ரேய்ட் மீண்டு வந்தார். எல்லாவற்றையும் உதறிவிட்டு அலாஸ்கா காட்டுக்குப் போன கிறிஸ்டோபர் மெக்கேண்ட்லஸ் அங்கேயே இறந்துபோனார். "நீ ஊர் சுற்றினால் அம்மா வந்துவிடுவாளா?" என்கிறார் அண்ணன். இந்த இருவரில் நான் யார் மாதிரி, மேடம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

எல்லோரும் பாசமாக இருந்தும், அம்மா இல்லாத வீட்டில் மூச்சு முட்டுவது உண்டு. அது உங்கள் குற்றமில்லை. அண்ணன் கேட்பதும் அவருடைய துக்கத்தில்தான் என்று எனக்குப் படுகிறது.

செரில் துணிச்சல்காரி, மெக்கேண்ட்லஸ் விவரமில்லாதவர் என்று பிரிப்பது எனக்கு ஒப்பவில்லை. 1995-இல் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்திலிருந்து, பசிபிக் கிரெஸ்ட் என்ற நெடுந்தூர மலைநடைப் பாதையில் கிளம்பியபோது செரிலுக்கு 26 வயது. நெடுந்தூரம் நடந்த பழக்கமே இல்லை. முதுகுப்பையைச் சுமந்துகொண்டு எழுந்து நிற்கவே திணறினார். ஆனால் வழியில் உள்ள ஊர்களுக்குத் தன் பெயரில் தபாலில் உணவுப் பெட்டிகள் வர ஏற்பாடு செய்திருந்தார். பெட்டியை வாங்கவாவது மனிதர்களிடம் வந்தாக வேண்டும். சியரா நெவாடா மலைகளில் பனி மிக அதிகம் என்றதும் அந்தப் பகுதியை விட்டு விலகிச் சுற்றிப் போனார். அப்படியும் ஏறக்குறைய 1,770 கிலோமீட்டர் பாதையை முடித்தார்.

மெக்கேண்ட்லஸ் 1990-இல் பட்டம் வாங்கியதும், சேமிப்பான சுமார் 24,000 டாலரைத் தானமாகக் கொடுத்துவிட்டு வேறு பெயரில் அலைந்தார். பெற்றோர் துப்பறிவாளரை வைத்துத் தேடினார்கள். 1992 ஏப்ரலில் காட்டுக்குள் போனவர், ஜூலையில் திரும்பி வரப் புறப்பட்டார். இதைப் பலரும் கவனிப்பதில்லை, அவருக்கும் வெளியே வரவே ஆசை. ஆனால் காட்டுக்குள் போகும்போது கடந்த டெக்லனிகா ஆறு இப்போது பெருக்கெடுத்து ஓடியது. கொஞ்ச தூரத்தில் ஆற்றைக் கடக்க, கம்பிவடத்தில் தொங்கும் தொட்டி ஒன்று இருந்தது. கையில் சரியான வரைபடம் இல்லாததால் அது அவருக்குத் தெரியவில்லை. இன்ன தேதிக்குள் வராவிட்டால் தேடுங்கள் என்று யாரிடமும் சொல்லியும் வைக்கவில்லை. ஆகஸ்டில் பட்டினியில் இறந்தபோது வயது 24. பகிர்ந்தால்தான் மகிழ்ச்சி நிஜம் என்று கடைசி வாரங்களில் ஒரு புத்தகத்தின் ஓரத்தில் எழுதியிருந்தார்.

அதனால்தான், நீங்கள் போன் நம்பரை மாற்ற நினைப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. திரும்பியே வர வேண்டாம், இல்லாமல் போய்விடலாம் என்ற நினைப்பும் வருகிறதா? வந்தால், பயணத்தைத் தள்ளிவையுங்கள். இன்றே 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது, இலவசம், தமிழிலேயே பேசலாம். வீட்டிலும் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்படியில்லை, கொஞ்ச நாள் தள்ளியிருந்தால் போதும் என்றால், தாராளமாகப் போய்வாருங்கள். வேலையை இப்போதே விடாமல், சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் இமாசலத்தில் மண்சரிவு அதிகம்; செப்டம்பர் கடைசிக்கு மேல் கிளம்புங்கள். தங்கும் இடங்களையும் திரும்பும் தேதியையும் அண்ணியிடம் எழுதிக் கொடுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை அப்பாவிடம் பேசுங்கள், அவரும் மனைவியை இழந்தவர்தானே. போய்வந்த பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால், நேரில் ஓர் ஆலோசகரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். எனக்கும் எழுதுங்கள்.