கேள்வி பதில்: தூக்குத் தண்டனை உறுதியான பின்பும் ஏன் தாமதம்?

கேள்வி: இந்தியாவில் தன் குடும்பத்தினர் எழுவரைக் காதலனோடு சேர்ந்து கொன்ற பெண்ணின் தண்டனை உறுதியான பின்பும், அதை நிறைவேற்றும் ஆணையை நீதிமன்றமே இரத்துச் செய்தது ஏன்?
- வாசகி, கோண்டாவில்

பதில்: 2008 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் அம்ரோகா மாவட்டத்தில் நடந்த அந்தக் கொலைகளில் 10 மாதக் குழந்தை ஒன்றும் தப்பவில்லை என்பதை எண்ணும்போது உங்கள் கோபம் எனக்கும் உரியதே. ஆயினும் இரத்தானது தண்டனையன்று. 2015 மே 15இல் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை உறுதிசெய்து ஆறே நாள்களில், மறுஆய்வு மனுவுக்குரிய 30 நாள்கள் முடியுமுன்னரே, கருணை மனுவுக்கும் இடம் வையாது, விசாரணை நீதிமன்றம் தூக்கிலிடும் ஆணையைப் பிறப்பித்தது. குற்றவாளிக்கும் கண்ணியம் உண்டு, எஞ்சியிருக்கும் சட்ட வழிகள் அனைத்தும் முடியும்வரை ஆணை பிறப்பிக்கலாகாது என்று கூறி, மே 27இல் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது. அது சரியான முடிவென்றே நான் கருதுகிறேன். ஏனெனில் நிறைவேற்றிய பின் திருத்த முடியாத தண்டனை இது ஒன்றுதான். மறுஆய்வு மனு 2020 ஜனவரியில் தள்ளுபடியாயிற்று.

நம் நாட்டு நிலை வேறு. புங்குடுதீவு மாணவி கொலை வழக்கில் 2017 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் எழுவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதாயினும், 1976இன் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை.