போனில் கவுன்சலிங் எடுக்கலாமா?

கேள்வி: கேரளத்தில் வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருக்கிறேன். வயது 31. மூன்று மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. கொழுந்து பறிக்கும்போதே கண்ணீர் வந்துவிடுகிறது. சில ராத்திரி ‘எதுக்கு இருக்கணும்’ என்றுகூடத் தோன்றுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போகும், தெரிந்தவர்கள் கண்ணிலும் படுவேன். போனில் கவுன்சலிங் ஆப் விளம்பரம் அடிக்கடி வருகிறது. ஒரு தடவைக்கு 900 ரூபாயாம். நம்பிப் பணம் கட்டலாமா?

பதில்: மற்றதற்கெல்லாம் முன்னால், நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரி. ‘எதுக்கு இருக்கணும்’ என்பது வந்து போகிற நினைப்பாக மட்டும் இருக்கிறதா, இல்லை, எப்படி, எதை வைத்து என்று மனசு கணக்குப் போடத் தொடங்கிவிட்டதா? கணக்குப் போடுகிறது என்றால் ஆப் பேச்சே வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அதை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். நடுராத்திரியில் அந்த நினைப்பு வந்தால், அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்யுங்கள். காதில் ஆளில்லாத குரல் கேட்பது, பிரசவமான சில நாளில் நடவடிக்கை தலைகீழாக மாறுவது, குடியை நிறுத்தியதும் கைகால் நடுங்கி வலிப்பு வருவது, இவற்றுக்கும் போன் போதாது. நேரில்தான் பார்க்க வேண்டும்.

அப்படி இல்லை, நினைப்பு வந்து போகிறது, வேலைக்கும் போய்வருகிறீர்கள் என்றால், போனில் தொடங்குவது நல்ல வழிதான். தூக்கமின்மை, பதற்றம், மிதமான மனச்சோர்வு ஆகியவற்றுக்கு, முறையாகப் படித்தவர் வீடியோவில் தரும் சிகிச்சை நேரில் தருவதைப் போலவே பலன் தருவதைப் பார்த்திருக்கிறோம்.

ஆனால் என்னிடம் வருகிறவர்கள் ஆன்லைனா நேரிலா என்பதைப் பலனை வைத்து முடிவு செய்வதில்லை. ‘யாருக்காவது தெரிந்துவிடுமா?’ என்பதுதான் முதல் கேள்வி. உங்களுக்கும் அதுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் போன் என்பதாலேயே ரகசியம் காப்பாற்றப்படும் என்று நினைத்துவிடாதீர்கள். சில வருடங்களுக்கு முன் ஏலத்தோட்டத்தில் வேலை செய்த ஒரு பெண் என்னிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். லயத்துச் சுவரில் பக்கத்து வீட்டு இருமல்கூடக் கேட்கும் என்பதால், டவர் கிடைக்கிற ஒரு பாறைமேல் ஏறி நின்றிருந்தார். காற்றுச் சத்தத்துக்கு நடுவே அழுதுகொண்டிருந்தவர், திடீரென்று தெளிவான குரலில், “ஆமாக்கா, இந்த மாசச் சீட்டு எனக்குத்தான்” என்றார். ஆள் கடந்து போனதும் மறுபடி அழுதார். நாற்பது நிமிடத்தில் இப்படி மூன்று தடவை. ஆகவே பணம் கட்டுமுன், வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம், யாரும் வராத, சிக்னல் விடாத இடம் உங்களுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை கம்பத்திலோ குமுளியிலோ உறவுக்காரர் வீட்டு மாடி கிடைக்குமா என்று கேளுங்கள்.

அடுத்தது மொழி. இதை நான் அழுத்திச் சொல்வேன். உங்களுக்கு மலையாளம் நன்றாகவே புரியும், தெரியும். ஆனால் மலையாளத்தில் ‘விஷமம்’ என்றால் மனவருத்தம், நமக்குக் குறும்பு. அவர்கள் துக்கத்துக்குச் சொல்லும் ‘சங்கடம்’ நமக்குத் தர்மசங்கடம். கடையில் சாமான் வாங்கும்போது இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். மனசு உடைந்து பேசும்போது அப்படியல்ல. ‘நெஞ்சுக்குள்ள என்னமோ பிசையுது’ என்று நீங்கள் சொல்வதை உங்கள் சொல்லிலேயே வாங்கிக்கொள்கிறவர் வேண்டும். எல்லைப் பக்கத்து ஆட்களுக்கு ஆன்லைன் தரும் பெரிய லாபம் இதுதான். மதுரையில் இருக்கும் டாக்டர் கேரளத்தில் இருக்கும் உங்களைப் பார்க்கலாமா என்றால், பார்க்கலாம். 2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி, பதிவு பெற்ற டாக்டர் இந்தியாவின் எந்தப் பகுதியில் இருப்பவருக்கும் ஆலோசனை தரலாம்.

சரி, அந்த ஆப்பில் பேசப்போவது யார்? ‘கவுன்சலர்’ என்று போட்டுக்கொள்ள நம் நாட்டில் சில வாரப் பயிற்சிச் சான்றிதழே போதும் என்ற நிலைதான் நடைமுறையில் இருக்கிறது. மனநல டாக்டர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்குமேல் மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். அவருக்கு மெடிக்கல் கவுன்சில் பதிவு எண் இருக்கும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., பதிவு எண் இருக்கும். பெயரையும் எண்ணையும் பணம் கட்டுமுன்பே கேளுங்கள். ‘ஆளை நாங்களே ஒதுக்குவோம், முன்கூட்டிச் சொல்ல முடியாது’ என்று பதில் வந்தால் நான் கட்டமாட்டேன், நீங்களும் கட்டாதீர்கள். பத்து தடவைக்குச் சேர்த்துக் கட்டினால் சலுகை என்பார்கள், அதுவும் வேண்டாம். ஒரு தடவைக்கு மட்டும் கட்டுங்கள். நான்கு தடவை ஆகியும் தூக்கத்தில் கொஞ்சம்கூட மாற்றம் இல்லையென்றால் ஆளை மாற்றலாம்.

நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் ஆப் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவில் ஒரு பெரிய ஆன்லைன் கவுன்சலிங் நிறுவனம், தன்னிடம் வந்தவர்களின் விவரங்களை ஃபேஸ்புக் போன்ற தளங்களுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்ற குற்றச்சாட்டில், 2023-இல் 78 லட்சம் டாலர் கட்ட வேண்டிவந்தது. அதனால் உங்கள் போனில் இருக்கும் நம்பர்களையும் போட்டோக்களையும் பார்க்க அனுமதி கேட்டால் கொடுக்காதீர்கள்.

900 ரூபாய் உங்களுக்குச் சின்னத் தொகை இல்லை என்று எனக்குத் தெரியும். அதைக் கட்டுமுன், நான் மேலே சொன்ன அதே 14416-க்கு ஒரு தடவை பேசிப் பாருங்கள். ‘டெலி மானஸ்’ என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய சேவை. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை. தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம். தேவைப்பட்டால் டாக்டருக்கு மாற்றித் தருவார்கள்.

மாத்திரை விஷயம் தனி. அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளை ஆன்லைனில் எழுதித் தர டாக்டருக்கே அனுமதி இல்லை. அப்படி ஒரு ஆப் தருகிறது என்றால் அந்த ஆப்பையே அழித்துவிடுங்கள். மருந்துக்கடையில் சொல்லி வாங்கிப் போடுவதும் கூடாது, சில வாரத்திலேயே பழக்கமாகிவிடும்.

அப்புறம், ஒரே ஒரு தடவையாவது நேரில் போகத்தான் வேண்டும். தைராய்டு கூடினாலும் படபடப்பு வரும், தூக்கம் போகும். ரத்தச்சோகையும் இப்படித்தான் ஆளைச் சாய்க்கும். போனில் யாராலும் உங்கள் நாடியைப் பிடித்துப் பார்க்க முடியாது. கேரளத்தில் பல குடும்ப ஆரோக்கிய மையங்களில் ‘ஆஸ்வாசம்’ என்று மனச்சோர்வுக்கான கிளினிக் நடக்கிறது. சுகர், பிரஷர் பார்க்க வருகிற கூட்டத்தோடு கூட்டமாக நீங்களும் உட்காரலாம், என்னத்துக்கு வந்தீர்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள், பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.