எட்டு நாள் ஆழ்கடல் பயணத்துக்கு எத்தனை தூண்டில் கோல்?

கேள்வி: சான் டியாகோவிலிருந்து மெக்ஸிகோ கடலுக்குப் போகும் எட்டு நாள் மீன்பிடிப் பயணத்துக்கு நண்பர்களோடு பதிவு செய்திருக்கிறேன். ஏரியில் தூண்டில் போட்டுப் பழக்கம் உண்டு, ஆழ்கடல் புதிது. சூரை, வாஹு, யெல்லோடெயில், டொராடோ எல்லாம் மாட்டும் என்கிறார்கள். நல்லதாக ஒரே கோல் வாங்கினால் போதுமா?

பதில்: போதாது. அதற்காகப் பத்துக் கோல்களைச் சுமந்துகொண்டு போகவும் வேண்டாம், நான்கு இருந்தால் தாராளம். பல படகுகளில் வாடகைக்கே தருவார்கள், முதலில் அதை விசாரியுங்கள்.

மெக்ஸிகோவின் பாஹா கலிஃபோர்னியா கரையிலிருந்து சுமார் 300 கி.மீ. தள்ளி, நடுக்கடலில் அலிஹோஸ் என்று சில பாறைகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இந்தப் படகுகள் விரும்பிப் போகும் இடம் அது. அங்கே காலையில் வாஹு கடிக்கும், அரை மணி நேரத்தில் அது நின்று சூரை மேலே வரும், அடியில் யெல்லோடெயில் திரிந்துகொண்டிருக்கும். இவை ஒவ்வொன்றும் தூண்டில் நரம்பை அறுக்கும் விதம் வேறு. ஒரே கோலை வைத்துக்கொண்டு முள்ளையும் நரம்பையும் மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தால், கட்டி முடிப்பதற்குள் மீன் போய்விடும்.

வாஹு நம் வஞ்சிரத்தின் குடும்பம்தான். பல் கத்தரிக்கோல் மாதிரி. சாதாரண நரம்பு நிற்காது, முள்ளுக்கு மேல் ஒரு சிறு துண்டுக் கம்பி வேண்டும். நரம்பையும் கம்பியையும் இணைக்கும் சுழல் வளையமான ஸ்விவல் பளபளத்தால் அதைக்கூட இரையென்று நினைத்துக் கடித்துவிடும் என்பதால் கறுப்பு ஸ்விவல் வாங்குங்கள். ஜிக் என்ற உலோகப் போலி இரையை எறிந்து, கை வலிக்கும் வேகத்தில் சுற்ற வேண்டும். கடித்தாலும் கோலை மேலே வெட்டி இழுக்காதீர்கள், முனையைத் தாழ்த்தியபடி சுற்றிக்கொண்டே இருங்கள். மீன் படகை நெருங்கும்போது முள் கழன்றால் அந்த ஜிக் திரும்பி உங்கள் முகத்தை நோக்கித்தான் பறந்து வரும். அதனால் கறுப்புக் கண்ணாடி வெயிலுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

சூரைக்கு இது எல்லாமே தலைகீழ். கம்பியைக் கண்டால் கிட்டவே வராது. தண்ணீரில் எளிதில் தெரியாத ஃப்ளூரோகார்பன் நரம்பு, சின்ன வட்ட முள், உயிருள்ள மத்தி. வெற்றி பெரும்பாலும் மத்தியைப் பிடிக்கும் கையில் இருக்கிறது. கையை நனைத்துக்கொண்டு, இறுக்காமல், தொட்டியில் துள்ளலாக நீந்துவதாகப் பார்த்து எடுங்கள். செதில் உதிர்ந்த மத்தி படகோரமே சோர்ந்து சுற்றும், அதைச் சூரை சீந்தாது. கடித்து ஓட ஆரம்பித்ததும் வெட்டி இழுக்காதீர்கள். சில நொடி நரம்பைத் தடையின்றி ஓட விட்டு, பிறகு ரீலின் பூட்டை மாட்டுங்கள். வட்ட முள் தானே வாயோரத்தில் ஏறிக்கொள்ளும்.

யெல்லோடெயில் பாரை இனம். முள் ஏறியவுடன் பாறையை நோக்கிப் பாயும், அந்த முதல் சில நொடிகள் விட்டுக்கொடுத்தால் நரம்பு பாறையில் அறுந்துவிடும். கனமான ஜிக்கை அடிவரை இறக்கி வேகமாகச் சுற்றுங்கள். டொராடோ அவ்வளவு படுத்தாது. மிதக்கும் கடற்பாசித் திட்டுக்குக் கீழே கூட்டமாக இருக்கும். மாட்டிய ஒன்றை உடனே மேலே தூக்காமல் தண்ணீரிலேயே வைத்திருந்தால் மற்றவையும் அங்கேயே சுற்றும்.

சரி, கணக்குக்கு வருவோம். டொராடோவுக்கும் கடிக்கத் தயங்கும் சூரைக்கும் 30 பவுண்டு இழுவை தாங்கும் நரம்போடு ஒன்று. உயிர் இரைக்கு 40 பவுண்டு, பெரும்பாலும் கையில் இருக்கப்போவது இதுதான். ஜிக்குக்கு 60 பவுண்டு. யெல்லோடெயிலுக்கு அது அப்படியே போதும், வாஹு தெரிந்தால் கம்பி கட்டிய துண்டை மாட்டுங்கள். பெரிய சூரை வந்தால் சமாளிக்க 80 பவுண்டு, வேகமாகவோ மெதுவாக வலுவோடோ சுற்ற மாற்றிக்கொள்ளும் இரண்டு வேக ரீலோடு. 200 பவுண்டு எடையைத் தாண்டும் ராட்சதச் சூரைக்கு இன்னும் தடித்தது வேண்டும், ஆனால் அதைத் தேடிப் போகிறவர்கள் வழக்கமாக இதைவிட நீண்ட பயணம்தான் போவார்கள். ரீலின் டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பு ஓடாமல் தடுக்கும் பிடியை, நரம்பு வலுவில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வையுங்கள். 40 பவுண்டுக்குச் சுமார் 10 முதல் 13 பவுண்டு. கைக்கணக்கு வேண்டாம், ஸ்பிரிங் தராசில் இழுத்துப் பாருங்கள்.

மீன் மாட்டிய பிறகு நின்ற இடத்திலேயே நிற்காதீர்கள். அது போகும் பக்கம் படகின் விளிம்போரமாக நடந்துகொண்டே இருங்கள், இல்லாவிட்டால் பத்துப் பேர் நரம்பும் சிக்கிக்கொள்ளும். ‘மேலே’, ‘கீழே’ என்று டெக் ஆள் சொன்னால், காரணம் கேட்காமல் அடுத்தவர் கோலுக்கு மேலாகவோ கீழாகவோ மாறிவிடுங்கள்.

பிடித்ததும் ரத்தம் வடித்துக் குளிர்நீர்த் தொட்டிக்கு அனுப்புவது படகு ஆட்களின் வேலை. அதைத் தாமதப்படுத்தி வெயிலில் படம் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். போராடிய சூரையின் உடல் சூடாக இருக்கும், குளிரவைக்காவிட்டால் சதை வெளிறிக் கெடும். சூரை, டொராடோ இரண்டிலும் ஹிஸ்டமைன் உண்டாகி உடம்புக்கு ஆகாமல் போகலாம், சமைத்தாலும் அது போகாது.

மெக்ஸிகோ விதிப்படி ஒருவருக்கு நாளுக்கு 10 மீன், ஒரே இனத்தில் 5, டொராடோ 2 மட்டும். மூன்று நாளுக்கு மேற்பட்ட பயணமானாலும் மூன்று நாள் அளவுதான். மெக்ஸிகோவின் ரெவியாஹிஹேடோ தீவுகளைச் சுற்றி 2017 முதல் மீன்பிடிக்கவே தடை. பாஸ்போர்ட் கட்டாயம். மீன்பிடி உரிமம் கட்டணத்தில் சேர்ந்ததா என்று படகு அலுவலகத்தில் கேளுங்கள்.

அப்புறம், கடல் குமட்டல் மாத்திரை. வாந்தி வந்த பிறகு போட்டால் உள்ளே தங்காது. எது உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்று மருத்துவரிடம் கேட்டு, படகு ஏறுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.