சில்லு (சிப்) இல்லாமல், தண்ணீரை வைத்துக் கணினி செய்ய முடியுமா?

முடியும், செய்தும் காட்டியிருக்கிறார்கள். நியூசிலாந்தில் பிறந்த பில் ஃபிலிப்ஸ் 1949-இல் லண்டனை ஒட்டிய கிராய்டனில், ஒரு கார் ஷெட்டில் வைத்து உருவாக்கிய மோனியாக் அப்படிப்பட்டதுதான். ஆள் உயரத்தைத் தாண்டிய பெட்டி. ஒரு நாட்டின் பொருளாதாரத்தைக் கணக்கிடுவதுதான் அதன் வேலை.

பணத்துக்குப் பதில் வண்ணத் தண்ணீர். மேலிருந்து வருமானமாக இறங்கும்போது வரி, சேமிப்பு, இறக்குமதி என்று ஆளுக்கொரு பங்கு பிரிந்துபோகும். அடியில் சேர்வதைப் பம்பு மறுபடி மேலே ஏற்றும். தொட்டியில் மட்டம் ஏறினால், நம் மொட்டைமாடித் தொட்டியில் இருப்பது போன்ற மிதவை எழும்பி இன்னொரு வால்வைத் திருப்பும். எவ்வளவு திருப்புவது? பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிய வளைவு அதைத் தீர்மானிக்கும். தகட்டை மாற்றினால் கணக்கே மாறிவிடும். என்னைக் கேட்டால், அந்தத் தகடுதான் இதன் மென்பொருள்.

அப்புறம், இதில் 0, 1 எதுவும் கிடையாது. நுண்கணிதத்தில் தொகையிடல் என்கிறோமே, அதாவது சிறுகச் சிறுக வருவதைக் கூட்டிக்கொண்டே போவது, அதைத் தொட்டி நிரம்புவதே செய்துவிடுகிறது. விடையைப் பேனா வரைபடமாகக் கீறும்.

சுமார் ஒரு டஜன் செய்தார்கள். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது.