இழைத்து வந்த பலகை ஏன் ஆடுகிறது? ஜாயின்டர் வாங்கும் முன் சில கணக்குகள்

கேள்வி: புதுக்கோட்டையில் இருக்கிறேன். மொட்டைமாடியில் 10க்கு 12 அடியில் தகரக் கொட்டகை போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மரவேலை செய்கிறேன். சின்ன டேபிள் சா, கை பிளானர் மெஷின், ட்ரில் இருக்கின்றன. காரைக்குடியில் பழைய பர்மா தேக்கு உத்திரங்கள் வாங்கி, மில்லில் பலகையாக அறுத்து, இரண்டு பக்கமும் இழைத்து எடுத்து வந்தேன். பார்க்க வழவழவென்றுதான் இருக்கின்றன. ஆனால் 5 பலகைகளை ஒட்டிச் சாப்பாட்டு மேசைக்குத் தளம் செய்தால் ஒரு மூலை தூக்கிக்கொண்டு ஆடுகிறது. ஒட்டிய இடங்களிலும் சந்து தெரிகிறது. ஜாயின்டர் இருந்தால்தான் சரியாகும் என்கிறார்கள். மேசைமேல் வைக்கும் 6 அங்குல மெஷின் ஆன்லைனில் இருக்கிறது. 8 அங்குல வார்ப்பிரும்பு மெஷின் ஒன்று செகண்ட் ஹேண்டில் வருகிறது. எதை வாங்கலாம்? ஸ்பைரல் கட்டர் அவசியமா? என்னிடம் இருக்கும் கை பிளானரையே கவிழ்த்து மாட்டினால் ஆகாதா?

பதில்: மில்காரர் மேல் தப்பில்லை. அவர் பலகையைப் போட்டது திக்னஸ் பிளானரில். பலகையின் மேல்பக்கத்தைக் கீழ்பக்கத்துக்கு இணையாகச் சீவுவதுதான் அந்த மெஷினின் வேலை. உள்ளே இருக்கும் உருளைகள் பலகையை அழுத்திப் பிடித்து இழுக்கும். முறுக்கிய பலகை அந்த அழுத்தத்தில் படுத்துக்கொண்டு உள்ளே போகும், வெளியே வந்ததும் பழையபடி எழுந்துவிடும். ஆக, இரண்டு பக்கமும் பளபளக்கிறது, கனமும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறது, முறுக்கு மட்டும் வந்தபடியே இருக்கிறது. இதை உறுதி செய்துகொள்ள, நேரான இரண்டு ஒல்லிக் குச்சிகளைப் பலகையின் இரு முனைகளிலும் குறுக்காக வைத்து, கண்ணைத் தாழ்த்தி ஒன்றின்மேல் ஒன்றாகப் பாருங்கள். குச்சிகள் இணையாகத் தெரியாவிட்டால் பலகை முறுக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் ஒரு முகத்தைத் தட்டையாக்க வேண்டும். அப்புறம் அந்த முகத்துக்குச் செங்குத்தாக ஒரு விளிம்பு. இந்த இரண்டையும் செய்வதுதான் ஜாயின்டர். கடைகளில் சர்பேஸ் பிளானர் என்று கேட்டால் சட்டென்று புரியும். அதில் இரண்டு மேசைத் தட்டுகள், நடுவே சுழலும் கட்டர். பின்தட்டு கத்தி நுனியின் உச்சத்துக்குச் சரிமட்டமாக நிற்கும். முன்தட்டு, ஒரு தடவைக்கு எவ்வளவு சீவ வேண்டுமோ அவ்வளவு தாழ்ந்திருக்கும். மேலிருந்து அழுத்த உருளை கிடையாது, உங்கள் கைதான். அதனால் முறுக்கு அமுங்காமல் அப்படியே நிற்க, உயர்ந்த இடங்கள் மட்டும் சீவப்பட்டுப் போகின்றன.

இதிலிருந்தே, காசு எதற்குக் கொடுக்கிறோம் என்பது தெரியும். இரண்டு தட்டுகளும் ஒரே சமதளத்தில் நிற்க வேண்டும், அந்த நேர்மைக்குத்தான் விலை. குதிரைசக்தி, கத்தி எண்ணிக்கை, பெயின்ட் எல்லாம் அதற்குப் பிறகு.

இந்தக் கண்ணோடு அந்த 6 அங்குல மேசை மெஷினைப் பாருங்கள். இந்த வகையில் இரண்டு தட்டும் சேர்ந்து இரண்டரை அடி நீளம் வந்தால் அதிகம். தட்டுகள் பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. தட்டுகளின் மொத்த நீளத்தைப் போல இரண்டு மடங்கு நீளமுள்ள பலகையைச் சிரமமில்லாமல் நேராக்கலாம் என்பது பட்டறைக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 5 அடிக்கு மேல் கைப்பழக்கத்தை நம்பித்தான் தள்ள வேண்டும். சாப்பாட்டு மேசைக்கு 6 அடிப் பலகை வேண்டும். முன்தட்டை நீட்டும் இழுப்புச் சட்டங்கள் சில மெஷின்களில் உண்டு, அவை பலகையைத் தாங்கும், நேராக்காது. அகலமும் இடிக்கும். பழைய உத்திரத்தில் அறுத்த பலகை 7, 8 அங்குலம் சர்வசாதாரணமாக வரும். அதை 6 அங்குல மெஷினுக்காக நீளவாக்கில் பிளந்து மறுபடி ஒட்டுவது, அந்த மரத்துக்குச் செய்யும் அநியாயம்.

எனவே அதை விட்டுவிடுங்கள். அடுத்து நான் சொல்வது உங்கள் பட்டியலிலேயே இல்லாத ஒன்று. முதல் மெஷினாக 12 அங்குல திக்னஸ் பிளானர் வாங்குங்கள். மில்லில் உங்களுக்குக் கைகொடுக்காத அதே வகைதான், ஆனால் ஒரு ஸ்லெட்டோடு, அதாவது பலகையைச் சுமந்தபடி மெஷினுக்குள் போகும் தட்டோடு. 18 மி.மீ. பிளைவுட்டில், உங்கள் மிக நீளமான பலகையைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு தட்டு வெட்டுங்கள். அது வளையாமலிருக்க இரண்டு பிளைவுட்டை ஒட்டிச் செய்தால் இன்னும் நல்லது. முன்முனையில், பலகையின் கனத்தைவிடத் தாழ்வான ஒரு தடுப்புக்கட்டை. உருளைகள் பலகையை இழுக்கும்போது தட்டும் சேர்ந்து வருவதற்காக அது. முறுக்கிய பலகையை அதன்மேல் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். எங்கெல்லாம் அந்தரத்தில் நிற்கிறதோ அங்கெல்லாம் மெல்லிய ஆப்புகளைத் தள்ளி, ஹாட் குளூ வைத்து அசையாமல் பண்ணுங்கள். இப்போது உருளை அழுத்தினாலும் பலகை படுக்க வழியில்லை. கால் நூல், அரை நூலாகச் (நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) சீவினால் மேல்முகம் உண்மையான சமதளமாகும். பிறகு ஆப்புகளை எடுத்துவிட்டு, பலகையைத் திருப்பிப் போட்டு மறுமுகத்தை எடுத்துக்கொள்ளலாம். 8 அங்குல ஜாயின்டரில் ஏறாத 11 அங்குலப் பலகைகூட இதில் ஏறும். ஆப்பு வைக்கப் பலகைக்குப் பத்து நிமிஷம் பிடிக்கும், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு அது பெரிய நஷ்டமில்லை.

மிச்சம் விளிம்புதான். ஒரு நேரான பிளைவுட் பட்டையில் பலகையை இறுக்கி, பட்டையின் விளிம்பை டேபிள் சாவின் பென்ஸை, அதாவது பக்கத் தடுப்பை, ஒட்டி ஓட்டினால் நேர்விளிம்பு கிடைத்துவிடும். ஒட்டுவதற்கு முன், பக்கத்துப் பக்கத்தில் வரப்போகும் இரண்டு பலகைகளைப் புத்தகம் மூடுவதுபோல் சேர்த்து வைஸில் பிடித்து, இரண்டு விளிம்பையும் ஒரே ஓட்டத்தில் நீள இழைப்புளியால் இழையுங்கள். உங்கள் கை ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலும், பிரித்து வைக்கும்போது ஒன்றின் சாய்வை மற்றது ஈடுகட்டிவிடும். 22 அங்குல நீளமுள்ள 7ஆம் நம்பர் இரும்பு இழைப்புளி இதற்கென்றே செய்தது. 14 அங்குல 5ஆம் நம்பரிலும் சமாளிக்கலாம். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, இழைத்த அன்றே ஒட்டிவிடுங்கள்.

இதோடு பாதிப் பேர் நிறைவடைந்துவிடுவார்கள். மாதம் ஒரு மேசை, அலமாரி என்று வேலை கூடினால் ஸ்லெட் சலிப்புத் தட்டும். அப்போது அந்த 8 அங்குல வார்ப்பிரும்பு மெஷினுக்குப் போங்கள். இப்போதே மலிவாகக் கிடைத்தால் வாங்குவதிலும் தவறில்லை, ஆனால் சோதிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மூன்றடி நேர்கோல் ஒன்றும், சந்தின் அளவு பார்க்க மெக்கானிக்குகள் வைத்திருக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் எடுத்துப் போங்கள். நேர்கோல் எந்திரத்தில் கடைந்ததாக இருக்கட்டும், ரசமட்டக் கட்டையை நம்பாதீர்கள். மெயினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முன்தட்டைப் பின்தட்டு மட்டத்துக்கு ஏற்றுங்கள். கோலை இரண்டின்மேலும் நீளவாக்கில் இடது ஓரம், வலது ஓரம், பிறகு மூலைக்கு மூலை என்று வைத்துப் பாருங்கள். ஒரு ஓரத்தில் பொருந்தி மறு ஓரத்தில் சந்து விழுந்தால் தட்டுகள் ஒன்றுக்கொன்று முறுக்கி நிற்கின்றன. சாய்வுச் சறுக்கில் ஏறி இறங்கும் பழைய மெஷின்களில், சறுக்கின் இடுக்கில் மெல்லிய தகடு செருகித்தான் இதைச் சரிசெய்ய முடியும். பொறுமைக்கு வந்த சோதனை. நான்கு மூலையிலும் திருகி மட்டம் வைக்கிற இணைகர அமைப்பு என்றால் கவலை குறைவு. தட்டின் மேல் துரு இருந்தால் பயமில்லை, தேய்த்தால் போகும். தட்டே நடுவில் குழிந்திருந்தால் மில்லிங் கடைக்குத்தான் அனுப்ப வேண்டும், அந்தச் செலவில் வேறு மெஷின் பார்க்கலாம்.

ஓட்டிப் பார்க்கவும் ஒரு வழி உண்டு. மூன்றடி நீளத்தில் இரண்டு ரீப்பர் கொண்டுபோய், ஒவ்வொன்றிலும் ஒரு விளிம்பைச் சீவி, சீவிய விளிம்புகளை ஒன்றோடொன்று சேர்த்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். பிழை இருந்தால் இரட்டிப்பாகத் தெரியும். நடுவில் ஒளி வந்தாலும் சரி, முனைகளில் வந்தாலும் சரி, தட்டுகளில் வேலை இருக்கிறது. பலகையின் கடைசி ஓரிரு அங்குலத்தில் மட்டும் பள்ளம் விழுந்தால் அது பின்தட்டு சற்றுத் தாழ்ந்திருப்பதால், திருகினால் சரியாகிவிடும். பலகை பின்தட்டின் உதட்டில் முட்டி நின்றால் பின்தட்டு உயர்ந்திருக்கிறது. இவை இரண்டையும் காட்டி விலையைக் குறைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பழைய மெஷின்கள் சிலவற்றில் கட்டர் உருண்டையாக இல்லாமல் சதுரக் கட்டையாக இருக்கும். கத்திக்கும் தட்டுக்கும் நடுவே அது விடும் வாயில் விரல் ஆழமாகப் போய்விடும். சும்மா கொடுத்தாலும் வேண்டாம். கட்டரை மூடும் கார்டு கழற்றப்பட்டிருந்தால், அதைத் திரும்பப் பொருத்தும் வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். பக்கவாட்டில் ரம்பமும் ட்ரில்லும் சேர்த்த காம்பினேஷன் மெஷின்களும் நம் ஊரில் நிறைய. பிளானர் பகுதி நன்றாக இருந்தால் வாங்கலாம், ஆனால் திறந்தபடி சுழலும் அந்த ரம்பத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

மோட்டார் 8 அங்குலத்துக்கு 2 குதிரைசக்தி போதும். பட்டறையிலிருந்து வரும் மெஷின் பெரும்பாலும் மூன்று பேஸ். உங்கள் கொட்டகையில் ஒரு பேஸ்தான் என்றால் மோட்டாரை மாற்றுங்கள், அல்லது ஒரு பேஸில் வாங்கி மூன்று பேஸாகக் கொடுக்கும் டிரைவ் வையுங்கள். 16 ஆம்பியர் சாக்கெட்டுக்குத் தனி வயர் இழுங்கள். சத்தத்தையும் யோசியுங்கள். மேசை மெஷின்களில் இருக்கும் பிரஷ் மோட்டார் அலறும், இண்டக்ஷன் மோட்டார் உறுமுவதோடு சரி. மொட்டைமாடி என்பதால் பக்கத்து வீடுகளுக்குச் சுவர் மறைப்புகூடக் கிடையாது.

இடம்? 6 அடிப் பலகை கட்டருக்கு முன்னால் 6 அடி, பின்னால் 6 அடி கேட்கும். உங்கள் 12 அடி அளவோடு சரி, மெஷினை நீளவாட்டத்தில், கதவுக்கு நேராக வைத்தால் மூச்சு விடலாம். எடை 200 கிலோவை நெருங்கும். படியில் ஏற்ற, தட்டுகளையும் மோட்டாரையும் தனியாகக் கழற்றுவார்கள். ஏற்றியபின் தட்டுகளை மறுபடி சோதிக்க வேண்டும். தளத்தின் நடுவில் வைக்காமல் கீழே சுவரோ பீமோ வரும் வரிசையில் வையுங்கள். தகரக் கொட்டகையில் மழைக்காலத்தில் வார்ப்பிரும்பு ஒரே ராத்திரியில் துருவேறும், வேலை முடிந்ததும் மெழுகு தேய்த்துவிடுங்கள். சிலிக்கான் கலந்த பாலிஷ் வேண்டாம், அது மரத்தில் ஒட்டிக்கொண்டு பின்னால் வார்னிஷ் பிடிக்காது.

ஸ்பைரல் கட்டர் பற்றி: உங்கள் மரம் பழைய உத்திரம், அதனால் இந்தக் கேள்வி மற்றவர்களைவிட உங்களுக்கு முக்கியம். தேக்கில் இயல்பாகவே சிலிக்கா உண்டு, சாதா எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) கத்தியை அது சீக்கிரம் மழுக்கும். மிச்சத்தை உள்ளே ஒளிந்திருக்கும் ஆணி பார்த்துக்கொள்ளும். ஸ்பைரலில் சதுரச் சதுரமாகச் சின்ன கார்பைடு வில்லைகள் இருக்கும். ஒரு முனை உடைந்தால் அந்த வில்லையை மட்டும் திருப்பிப் போட்டால் போதும், நான்கு முனை உண்டு. சத்தமும் குறைவு, ஏறுமாறான ரேகையிலும் பிய்க்காது. நல்ல பொருள்தான், ஆனால் விலை செகண்ட் ஹேண்ட் மெஷினையே எட்டிப்பிடிக்கும். இப்போதைக்கு நேர்கத்தியும், ஆணி தேடும் சின்ன மெட்டல் டிடெக்டரும் போதும். கத்தியில் பல் விழுந்து பலகையில் கோடு வந்தால், ஒரு கத்தியை மட்டும் அரை நூல் பக்கவாட்டில் தள்ளி மாட்டுங்கள், கோடு மறைந்துவிடும். சாணை பிடிக்கும்வரை தாங்கும்.

கடைசியாக, கை பிளானரைக் கவிழ்த்து மாட்டுவது. பல தச்சர்கள் செய்கிறார்கள், நிலைக்கதவு ரீப்பர் விளிம்பைத் தட்டிவிட அது ஓடும். ஆனால் அதன் கத்தி 82 மி.மீ., அடித்தட்டு ஓரடிகூட இல்லை. மேசைப் பலகையின் முகத்தை அதனால் தட்டையாக்க முடியாது. ஸ்விட்சை அழுத்தியே இருக்கும்படி கட்டிப்போட்டு, கார்டு இல்லாமல் ஓட்டுவது ஆபத்தும்கூட. அதைக் கையில் பிடித்து, ஸ்லெட்டில் ஏற்றுமுன் பலகையின் பெரிய மேடுகளைக் குறைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை ஜாயின்டரே வாங்கினாலும் ஓரடிக்குக் குறைந்த துண்டுகளை அதில் போட வேண்டாம். தள்ளுகட்டை இல்லாமல் முகத்தைச் சீவாதீர்கள். கையுறை கூடாது, லுங்கியும் தோளில் துண்டும் கூடாது. சின்னத் துண்டுகளுக்கு இழைப்புளியே போதும்.