கேள்வி நேரம் இல்லாத உரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: உலக அரசியல் செய்திகள் அனைத்தும் கைப்பேசியிலேயே கிடைத்துவிடும் இக்காலத்தில், தூதர்களையும் அறிஞர்களையும் கல்லூரிக்கு அழைத்துப் பொதுச் சொற்பொழிவு நடத்துவதால் என்ன பயன்?
– கல்லூரி ஆசிரியர் ஒருவர்

பதில்: செய்தியை அறிந்துகொள்வதுதான் நோக்கம் என்றால் பயன் குறைவு. ஆனால் திரையில் பேசுபவரை மறித்து, ‘இதற்கு என்ன ஆதாரம்?’ என்று கேட்க முடியாது, மண்டபத்தில் முடியும். கல்லூரிச் சொற்பொழிவின் முழு மதிப்பும் இந்த ஒரு வசதியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கல்லூரி மேடைகளில் பிறந்த வரலாற்றுப் புகழ்பெற்ற உரைகள் பல. ஐரோப்பாவைப் பிரிக்கும் ‘இரும்புத் திரை’ பற்றி சர்ச்சில் 1946 மார்ச் 5 அன்று பேசியது மிசௌரி மாநிலத்தில் உள்ள வெஸ்ட்மின்ஸ்டர் கல்லூரியில். போரால் சிதைந்த ஐரோப்பாவுக்கு உதவும் திட்டத்தை அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல் 1947 ஜூன் 5 அன்று முன்வைத்தது ஹார்வர்டில். பிற நாடுகள் வளிமண்டலத்தில் அணுகுண்டுச் சோதனை நடத்தாதவரை அமெரிக்காவும் நடத்தாது என்று கென்னடி 1963 ஜூன் 10 அன்று அறிவித்தது வாஷிங்டனில் உள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில். அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. இவை மாபெரும் உரைகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றைக் கேட்டுக்கொண்டிருந்த மாணவர்களுக்கு அங்கே கைதட்டுவதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை.

ஆகவே, அவற்றினும் மேலாக நான் மதிப்பது 1965 மார்ச் 24 இரவு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடந்ததைத்தான். வியட்நாமின் மீது அமெரிக்காவின் தொடர் குண்டுவீச்சு தொடங்கியிருந்த மாதம் அது. போரை எதிர்த்து ஒரு நாள் வகுப்புகளை நிறுத்தவே ஆசிரியர்கள் சிலர் முதலில் எண்ணியிருந்தனர். அதற்குக் கடும் எதிர்ப்பு எழவே, வகுப்புகளுக்கு இடையூறு செய்யாமல் இரவு முழுவதும் விழித்திருந்து பாடம் நடத்துவது என்று முடிவு செய்தனர். மூவாயிரம் பேர் அளவில் திரண்டனர். சொற்பொழிவுகளுக்குப் பிறகு சிறு குழுக்களாகப் பிரிந்து விடியும்வரை விவாதித்தனர். வெடிகுண்டு மிரட்டலால் மண்டபத்தைக் காலி செய்ய நேர்ந்தபோதும் நிகழ்ச்சி கைவிடப்படவில்லை. விரைவிலேயே பிற பல்கலைக்கழகங்களும் இம்முறையைப் பின்பற்றின. மே 15 அன்று வாஷிங்டனில் நடந்த தேசிய அளவிலான விவாதத்தில் அரசின் தரப்பை எடுத்துரைக்க வேண்டியிருந்த, அதிபரின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டி கடைசி நேரத்தில் வரவில்லை. ஆனால் கேள்விகள் அவரை விடவில்லை. ஜூன் மாதம் தொலைக்காட்சியில், போரை விமர்சித்த சர்வதேச அரசியல் பேராசிரியர் ஹான்ஸ் மார்கெந்தாவுடன் அவர் நேருக்கு நேர் விவாதிக்க வேண்டியதாயிற்று. போர் அதனால் நின்றுவிடவில்லை. இருப்பினும், வெளியுறவுக் கொள்கைக்குப் பொறுப்பானவர்கள் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் விளக்கம் அளிக்கக் கடமைப்பட்டவர்கள் என்னும் எதிர்பார்ப்பு அன்று வேரூன்றியது.

கேள்வி: எங்கள் கல்லூரி நிகழ்ச்சிகளில் கேள்வி நேரம் வந்தால் இரண்டு அனுபவங்கள்தாம்: ஒன்று, யாரும் வாய் திறப்பதில்லை, அல்லது ஒருவர் எழுந்து தானே ஒரு சொற்பொழிவு ஆற்றிவிடுகிறார். இதை எப்படிச் சரிசெய்வது?
– மாணவர் மன்றச் செயலாளர் ஒருவர்

பதில்: தாங்கள் கேட்டிருப்பதே இத்துறையின் மிக முக்கியமான கேள்வி, எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வரவேற்புரை, வாழ்த்துரை, விருந்தினர் அறிமுகம், பொன்னாடை, நினைவுப் பரிசு என்று ஒவ்வொன்றாக நேரத்தை விழுங்கிய பிறகு, ‘நேரமின்மையால் இரண்டு கேள்விகள் மட்டும்’ என்று அறிவிக்கும் நிகழ்ச்சிகளை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். அது வந்திருக்கும் மாணவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. மொத்த நேரத்தில் பாதியைக் கேள்விகளுக்கென ஒதுக்கி, அதை அழைப்புக் கடிதத்திலேயே விருந்தினருக்குத் தெரிவித்துவிட வேண்டும். அதற்கு உடன்படாத விருந்தினரை அழைக்காமல் இருப்பதே நல்லது.

மௌனத்துக்குக் காரணம் பெரும்பாலும் அறியாமை அன்று. நூற்றுக்கணக்கானோர் முன்னால் முதல் ஆளாக எழுந்து நிற்பதற்கான கூச்சம். உரை முடிந்தவுடன் மைக்கை நீட்டாமல், அருகில் இருப்பவருடன் மூன்று நிமிடம் பேசிக்கொள்ளும்படி நெறியாளர் சொல்லட்டும். அந்த மூன்று நிமிடத்தில் மனத்தில் கலங்கலாக இருந்த ஐயம் ஒரு வாக்கியமாகத் தெளிந்துவிடும். முதல் கேள்வியை ஒரு மாணவரே கேட்க வேண்டும் என்றும் விதி செய்யுங்கள். மூத்த பேராசிரியர் தொடங்கிவைத்தால், அவருடைய தரத்துக்கு நம் கேள்வி எட்டுமா என்று அஞ்சி இளையவர்கள் அடங்கிப்போவார்கள்.

சொற்பொழிவு ஆற்றுபவரைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு நெறியாளருடையது. ஒரு நிமிடம் கடந்ததும், ‘தங்கள் கேள்வி என்ன?’ என்று பணிவாக, தயங்காமல் அவர் குறுக்கிட வேண்டும். கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கும் வழக்கம் கூச்சமுள்ளவர்களுக்கு உதவும்தான். ஆனால் சீட்டுகளை விருந்தினரின் மனம் கோணாதபடி பொறுக்கி எடுக்கும் ஆபத்தும் அதில் உண்டு. மூன்று கேள்விகளை ஒன்றாகத் திரட்டிக் கேட்பதையும் நான் ஏற்பதில்லை. அனுபவமுள்ள அரசியல்வாதி எளிதான இரண்டுக்கு விரிவாகப் பதிலளித்து, கடினமான மூன்றாவதை மறந்தவர்போல் கடந்துவிடுவார். ஒரு கேள்வி, ஒரு பதில், தேவையானால் கேட்டவருக்கே ஒரு துணைக்கேள்வி என்பதுதான் நேர்மையான முறை. துணைக்கேள்விக்கு இடமில்லாத மேடையில், மழுப்பலான பதிலே இறுதிப் பதிலாகிவிடும்.

கேள்வி: சர்ச்சைக்குரிய கருத்துடையவரைக் கல்லூரி அழைத்தால், அக்கருத்தைக் கல்லூரியே ஏற்பதாக ஆகாதா?
– பெற்றோர் ஒருவர்

பதில்: ஆகாது, அழைத்த முறை சரியாக இருந்தால். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1967இல் வெளியான கால்வென் குழு அறிக்கை, விமர்சிப்பவர்களுக்கு இடம் தருவதே பல்கலைக்கழகத்தின் பணி என்றும், நிறுவனம் என்ற முறையில் அது தானே அரசியல் நிலைப்பாடு எடுப்பதைத் தவிர்க்க வேண்டும் என்றும் கூறியது. இன்றுவரை இதை மறுப்போரும் உண்டு. என்னளவில் இது நல்ல அளவுகோல்.

வெளியுலகம் தவறாகப் புரிந்துகொள்வது உண்மைதான். அரசருக்காகவும் நாட்டுக்காகவும் எந்தச் சூழ்நிலையிலும் போரிட மாட்டோம் என்ற தீர்மானத்தை ஆக்ஸ்போர்டு யூனியன் என்னும் மாணவர் விவாத மன்றம் 1933 பிப்ரவரி 9 அன்று 275க்கு 153 என்ற வாக்குகளில் நிறைவேற்றியபோது, பிரிட்டிஷ் இளைஞர்களே துணிவிழந்துவிட்டதாகப் பத்திரிகைகள் கொதித்தன. அந்தத் தலைமுறையினர் பலர் 1939க்குப் பிறகு படையில் சேர்ந்து போரிட்டனர். மாணவர் விவாதத்தின் ஒரு நாள் வாக்கெடுப்பை நாட்டின் மனநிலையாகப் படிப்பது பிழை. அந்தப் பிழைக்கு அஞ்சி விவாதத்தையே நிறுத்துவது அதைவிடப் பெரிய பிழை. ஆனால் சர்ச்சைக்குரியவரைக் கேள்வியின்றிப் பேசவிட்டு அனுப்பினால், தங்கள் அச்சம் நியாயமாகிவிடும்.

கேள்வி: உரைகளைப் பதிவு செய்து வெளியிடலாமா?

பதில்: பொது உரை என்றால் வெளியிடலாம், கேள்விப் பகுதியையும் வெட்டாமல் வெளியிட வேண்டும். பணியிலுள்ள அதிகாரிகளுடன் சிறு குழுவாக நடக்கும் உரையாடலுக்கு, லண்டனில் உள்ள வெளியுறவு ஆய்வு நிறுவனமான சாத்தம் ஹவுஸின் பெயரால் 1927 முதல் வழக்கத்தில் உள்ள விதி பொருத்தமானது: பேசப்பட்டதைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார் என்பதையும் அவர் எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பதையும் வெளியிடக் கூடாது.

கேள்வி: நான் அறிவியல் மாணவி. உலக அரசியல் எனக்கு அதிகம் தெரியாது. இத்தகைய கூட்டத்துக்குப் போகுமுன் என்ன படிக்க வேண்டும்?

பதில்: தலைப்புக்குரிய பகுதியின் வரைபடத்தை முதலில் பாருங்கள். பிறகு அதற்கு அடிப்படையான ஒரே ஓர் ஆவணத்தின் உரிய பகுதியைப் படியுங்கள். ஐ.நா. பாதுகாப்பு அவை பற்றிய உரை என்றால், ஐ.நா. சாசனத்தின் 27ஆவது பிரிவு சில வரிகள்தாம். ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளின் வீட்டோ அதிகாரம் (தீர்மானத்தைத் தனியாகவே தடுக்கும் அதிகாரம்) அதில்தான் அடங்கியிருக்கிறது. கடல் எல்லைத் தகராறு என்றால், 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி ஆட்சிப்பரப்புக் கடல் 12 கடல் மைல் வரையும், மீன் முதலிய வளங்களைப் பயன்படுத்தும் உரிமை மட்டும் உள்ள தனிப் பொருளாதார மண்டலம் 200 கடல் மைல் வரையும் செல்லலாம் என்பது தெரிந்திருந்தால், பேச்சாளர் எந்தக் கோட்டைப் பற்றிப் பேசுகிறார் என்று கேட்கும் தகுதி தங்களுக்கு வந்துவிடுகிறது. தகராறில் உள்ள இரு நாடுகளின் செய்தித்தாள்களையும் ஒரே நாளில் படித்துப் பார்ப்பதும் பயன் தரும்.

எதுவுமே தோன்றாவிட்டால், எந்தப் பேச்சாளரிடமும் கேட்கத்தக்க ஒரு கேள்வி இருக்கிறது: ‘எது நடந்தால் தாங்கள் இந்தக் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?’ அறிவியல் மாணவியாகிய தங்களுக்கு இது பழகிய கேள்விதான். பதிலைக் குறிப்பேட்டில் தேதியுடன் எழுதிவைத்துக்கொண்டு, சில மாதங்கள் கழித்து நடந்தவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.